நஞ்சியைச் சுற்றி அறுபது அடி

நஞ்சியின் இடது தோளில் ஈந்து முளைத்தது ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அவள் வன இலாகா நர்சரியில் மற்ற ஆறு பெண்களோடு உட்கார்ந்து கறுப்புப் பாக்கெட்டுகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தபோது. முதலில் எறும்பு ஊர்வதுபோல இருந்தது, தட்டிவிட்டாள். மறுபடியும் ஊர்ந்தது, மறுபடியும் தட்டப்போனாள். பக்கத்தில் இருந்த ரங்கி எட்டிப் பார்த்து, "ஈந்து முளைச்சிருக்குது நஞ்சி, கையை வெக்காதே, சுருள் ஒடிஞ்சிரும்" என்றாள். பழுப்பு மயிர் மூடி, நாய்வால் மாதிரி சுருண்டு, சுண்டுவிரல் உயரத்துக்கு ஒரு குருத்து அவளுடைய ஜாக்கெட் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு நின்றது. வேலையை யாரும் நிறுத்தவில்லை. டீக்கு முன்னால் இன்னும் நூறு பாக்கெட் நிரப்பவேண்டியிருந்தது.

ஈந்து பார்வைக்குச் சின்னப் பனை மாதிரி இருக்கும், ஆனால் பனை இல்லை, பனைக்கு இருக்கும் அவசரம்கூட அதற்கு இல்லை. பிறந்த குழந்தைக்காக ஊன்றிய கொட்டை அந்தக் குழந்தைக்குக் கல்யாணமாகும்போது முழங்கால் உயரம் வந்திருக்கும், அவ்வளவுதான். அதன் கொட்டையில் விஷம். அதைச் சீவி, கூடையில் கட்டி, ஓடைத் தண்ணீரில் ஏழு நாள் போட்டு, காயவைத்து இடித்தால் மாவு. வேறெதுவும் கிடைக்காத அடைமழை மாதங்களில் கூவைப்பதி என்ற மலைக்குடியிருப்பின் சனங்கள் அந்த மாவில் களி கிண்டித்தான் உயிரோடு இருந்தார்கள். அதனால் அவர்களுக்கு அது மரம் இல்லை, அக்கா. கொட்டை பொறுக்கும் முன் "அக்கா, எடுத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டுத்தான் குனிவார்கள். பிறகு மலையைச் சரணாலயம் ஆக்கினார்கள், மேலே இருந்த பதியை மூன்று லாரிகளில் ஏற்றிக் கீழே காலனிக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். பதி போனதும் கல்யாண மண்டப அலங்காரத்துக்கு ஓலை வெட்டுகிறவர்கள் மேலே ஏறினார்கள், அவர்களுக்குப் பின்னால் பட்டை உரிக்கிறவர்கள் ஏறினார்கள், ஒன்பது வருஷத்தில் அந்த மலையில் ஓர் ஈந்துகூட மிச்சமில்லை. அதற்கப்புறம் இலாகாவுக்கு மனசு கேட்காமல், ஈந்தைக் காப்பாற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கி, வெளி மாநிலத்திலிருந்து இரண்டு சாக்கு கொட்டை வரவழைத்து, பதிப் பெண்களையே கூலிக்கு வைத்து ஊன்றச் சொன்னது. இரண்டு வருஷமாக ஒன்றும் முளைக்கவில்லை. "அதுகளுக்கு நம்ம பேச்சு புரியலீங்க மேடம்" என்று நஞ்சி ஒருநாள் சொன்னதை, ஆராய்ச்சிக்கு வந்துபோகும் வசுந்தரா மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நர்சரி மேஸ்திரி வந்து பார்த்து, நஞ்சியைத் திட்டத்தின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தார். "நாளையிலிருந்து வலைக்கூரைக்கு அடியில உக்காரு. ஈந்துக்கு அரைவெயில்தான் ஆகும்" என்றார். இரண்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தார்கள்.

நஞ்சிக்கு அப்போது முப்பத்தொரு வயது, பெள்ளனைக் கட்டி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. பெள்ளன் சாயங்காலம் அவள் தோளைப் பார்த்தான், ஒரு விரலால் குருத்தின் மயிரைத் தொட்டான், தன் பாயை அவளுடைய வலப்பக்கத்துக்கு மாற்றிப் போட்டுக்கொண்டான். மறுநாள் காலனி முழுவதும் வாசலில் நின்றது. பிள்ளையில்லாதவள் என்று விசேஷங்களுக்குக் கூப்பிடாத பெண்கள் தேன் கொண்டுவந்தார்கள், புதிதாகக் கட்டிக்கொண்ட சோடிகள் கும்பிட வந்தார்கள். பதியின் தலைவன் மருதன் மூப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். வயசில் மூத்தவன் விழுகிறானே என்று நஞ்சி பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

"உனக்கில்லை நஞ்சி" என்றான் மூப்பன், தரையிலிருந்து முகத்தை எடுக்காமல். "நீ சும்மா நில்லு."

சும்மா நின்றாள். அந்த எட்டுப் பத்து நாள் நஞ்சிக்கு நன்றாகத்தான் இருந்தது. யாரோ ஒருத்தி தலைவாரிவிட்டாள், யாரோ ஒருத்தி புடவை கட்டிவிட்டாள், தங்கச்சி ராமி பக்கத்து வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து ஊட்டினாள். சுருள் அவிழ்ந்து முதல் ஓலை விரிந்தது, சீப்பு மாதிரி, பளபளவென்று. உள்ளே வேர் இறங்குவது அவளுக்குத் தெரிந்தது. காறை எலும்புக்குக் கீழே கிணற்றுத் தண்ணீர் மாதிரி ஒரு சில்லிப்பு, நாளுக்கு ஒரு நெல் அளவு கீழே போனது, போன இடத்தில் சதை மரத்துப்போனது. இடது கையை அவளால் தூக்க முடியவில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேரைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று தெரியும்.

பங்குனியில் வசுந்தரா மேடமும் ரேஞ்சர் எட்வினும் வந்தார்கள். எட்வின் நல்ல மனுஷர், யாரையும் நீ என்று பேசமாட்டார், நஞ்சிக்கு நாற்காலி போடச் சொன்னார்.

"இதை யார் நட்டதுங்கம்மா?"

"யாரும் நடலீங்க சார்."

"நீங்களே ஊனிக்கலையே?"

"தோள்ல எப்படிங்க ஊனறது?"

வசுந்தரா மேடம் பூதக்கண்ணாடியால் ஓலையைப் பார்த்தார், அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. "நம்ம மலை ஈந்துதான் சார், வெளிக்கொட்டை இல்லை. யாரும் நடாம, தானா முளைச்சிருக்கு. காட்டுச்செடி."

"காட்டில முளைக்கலையே மேடம். இவங்க மேல முளைச்சிருக்கு."

"அப்படின்னா இவங்கதான் காடு."

எட்வின் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எதையும் முறைப்படி செய்கிறவர் அவர்; முறைக்கு உட்பட்டதை உட்பட்டதென்றும் உட்படாததை உட்படாததென்றும் எழுதி எழுதித்தான் அவர் தலை நரைத்திருந்தது. சித்திரைக் கடைசியில் உத்தரவு வந்தது, ரேஷன் கடை வாசலில் அதை அவரே வாசித்தார். ஈந்து இயற்கையாக வளரும் இடத்தைச் சுற்றி அறுபது அடி பாதுகாக்கப்பட்ட காடு. அதற்குள் தீ மூட்டக் கூடாது, ஆடு மாடு வரக் கூடாது, கொட்டு மேளம் கூடாது, மரம் அறுக்கும் ஆயுதம் கூடாது, அனுமதி இல்லாமல் ஆள் தங்கக் கூடாது. நான்கு வாட்சர்களை நியமித்து, வெள்ளையும் சிவப்பும் அடித்த நான்கு கம்புகளையும் ஒரு நீளக் கயிற்றையும் கொடுத்தார்கள். நஞ்சி உட்கார்ந்தால் கம்புகளை ஊன்றினார்கள். நஞ்சி எழுந்து குழாயடிக்குப் போனால் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு, கயிற்றைத் தொய்யவிடாமல், நாலு மூலையிலும் கூடவே நடந்தார்கள்.

காலனி அதற்கும் பழகிக்கொண்டது. நஞ்சி வீட்டைச் சுற்றி இருந்த ஒன்பது வீட்டுக்காரர்கள் அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய், காலனி இருந்த மேட்டின் அந்தக் கோடியில் வைத்துச் சமைத்தார்கள். அவள் தெருவில் வருகிறாள் என்றால் ஆண்கள் பீடியை நசுக்கினார்கள், பெண்கள் சேவலைக் கூடை போட்டு மூடினார்கள், கறி நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அரிவாள்மனையைச் சாக்குக்கு அடியில் செருகினார்கள். கயிறு கடந்துபோனதும் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் நாலு குச்சியும் ஒரு நூலும் வைத்துக்கொண்டு காடு விளையாட்டு விளையாடினார்கள். ராமியின் இரண்டு ஆடுகள் கயிற்றைத் தாண்டி வந்தன, வாட்சர்கள் பிடித்துக்கொண்டுபோனார்கள், திரும்பி வரவில்லை. ராமி அன்றைக்கும் சோறு கொண்டுவந்தாள், ஆனால் ஊட்டாமல் தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஆனியில் ராமிக்குக் கல்யாணம் முடிவானது. பக்கத்து வீட்டில் கல்யாணம் என்றால் அடுப்பு வேண்டும், கொட்டு வேண்டும். அதற்கு நஞ்சியே வழி சொன்னாள்: "நான் காலையில பஸ் ஏறி டவுனுக்குப் போயிட்டு, எல்லாம் முடிஞ்சு வரேன்." கல்யாணத்தன்று வாட்சர்கள் நான்கு பேரும் கம்போடு அவளுடன் பஸ்ஸில் ஏறினார்கள், முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். மூன்றாவது கிலோமீட்டரில் எட்வினின் ஜீப் பஸ்ஸை மறித்தது. பஸ் முழுவதும் காட்டுக்குள் இருந்தது, அதில் முப்பத்துநாலு பேர் அனுமதி இல்லாமல் இருந்தார்கள், வண்டிக்குள் இஞ்சின் என்ற தீ இருந்தது. டிரைவர் மேலும் கண்டக்டர் மேலும் வழக்கு எழுதினார்கள். எட்வின் எல்லோரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதினார். பஸ்ஸில் மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேர் இருந்தார்கள். டவுனில் தாலி வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. ரேஞ்ச் ஆபீஸில் சாயங்காலம் வரை உட்காரவைத்ததற்கப்புறம் அவர்கள் அப்படியே ஊருக்குப் போய்விட்டார்கள், திரும்பவில்லை. அதற்குமேல் எந்த பஸ்ஸும் கூவைப்பதி ஸ்டாப்பில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் ஐந்து மைல் நடந்தார்கள், நடக்க முடியாதவர்களைக் கட்டிலில் தூக்கிக்கொண்டுபோனார்கள், ரங்கியின் மாமனார் கட்டிலிலேயே செத்துப்போனார்.

ஆவணியில் அந்த ஒன்பது வீடுகளுக்கும் காலி செய்யச்சொல்லி நோட்டீஸ் வந்தது. நஞ்சி மறுநாளே காலனியின் தெற்குக் கோடிக்குப் போய்ப் படுத்தாள். அடுத்த வாரம் தெற்குக் கோடியில் ஏழு வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. ஓடை ஓரம் போனாள், ஓடையில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று பலகை நட்டார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போனாள், பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அவள் தெருவில் வந்தால் இப்போது யாரும் சேவலைக் கூடை போட்டு மூடவில்லை, கதவை மூடினார்கள்.

புரட்டாசியில் பதி கூடியது. நஞ்சியை நடுவில் உட்காரவைத்து, கயிற்றுக்கு வெளியே வட்டமாக உட்கார்ந்துகொண்டதால் எல்லோரும் கொஞ்சம் சத்தமாகப் பேசவேண்டியிருந்தது. நஞ்சிதான் ஆரம்பித்தாள்.

"அறுத்துப்போடுங்க. ஆழமா இறங்கியிருக்குது, வலிக்கும், பரவால்லை. நான் சத்தம் போடமாட்டேன்."

வாட்சர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களும் அதே பதிக்காரர்கள்தான்.

"அக்காளை அறுக்கற கை இங்க எவனுக்கு இருக்குது" என்றான் மூப்பன்.

நஞ்சி பெள்ளனைப் பார்த்தாள். பெள்ளன் தரையில் ஒரு ஈர்க்குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவள் மடியில் ஒளித்துவைத்திருந்த கதிரரிவாளை வலது கையால் எடுத்துத் தோளுக்குக் கொண்டுபோனாள். கயிற்றைத் தாண்டி ஓடிவந்தது ராமி. இரண்டு கையாலும் நஞ்சியின் மணிக்கட்டைப் பிடித்து, மூச்சு வாங்க, "வேண்டாம், வேண்டாம்" என்றாள். கல்யாணம் நின்றுபோனவள், ஆடு போனவள், அவள் வந்து பிடிக்கிறாளே என்று நஞ்சிக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஏழெட்டு மாதத்தில் யாரும் அவளை அப்படித் தொட்டதில்லை. அவள் ராமியின் முகத்தைப் பார்த்தாள். ராமியின் கண் ஓலையின் மேல் இருந்தது. "ஒரு இலை மடங்கிருச்சு பாரு" என்றாள் ராமி, அழுதுகொண்டே, ஒற்றை விரலால் அதை நிமிர்த்திவிட்டாள்.

ஐப்பசியில் வேர் குதிகாலுக்கு வந்துவிட்டது. நஞ்சி காலை ஊன்றி நின்ற இடத்தில் வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது, இரண்டு நாள் ஒரே இடத்தில் நின்றால் சிமெண்டுத் தரையில் விரிசல் விட்டது. இனி மண்ணில் வைக்காவிட்டால் செடி நிற்காது என்றார் வசுந்தரா மேடம். எட்வின் ஒரு வாரம் தூங்காமல் வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பழைய பதி இருந்த இடம் மலைமேல் சும்மா கிடக்கிறது, ஏற்கெனவே காடு, அங்கே வைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை, கீழே எல்லா நோட்டீஸும் ரத்து. அங்கே போக ஈந்துக்கு அனுமதி உண்டு. நஞ்சிக்கு இல்லை, மலையில் ஏற பதிக்காரர் யாருக்குமே அனுமதி இல்லை. அதனால் அவளை நிரந்தர வாட்சராக நியமித்து உத்தரவு வாங்கியிருந்தார். கூவைப்பதியில் முதல் அரசாங்க வேலை. சம்மதப் பத்திரத்தில் பெள்ளன் கைநாட்டு வைத்தான், மூப்பன் சாட்சி போட்டான், ரங்கி கேசரி கிண்டி, மேட்டின் அந்தக் கோடியில்தான், எல்லோருக்கும் கொடுத்தாள். நஞ்சிக்கும் ஒரு இலையில் வந்தது. நன்றாக இருந்தது, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

மேலே குழி தயாராக இருந்தது. நஞ்சி அதைச் சுற்றிவந்து பார்த்தாள், குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தாள். ஈந்தை ஊன்றுவதில் அந்த மலையில் அவளுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

"களிமண்ணு ஜாஸ்திங்க சார். தண்ணி நின்னா வேர் அழுகிரும். இன்னும் ரெண்டு கூடை மணல் போடச் சொல்லுங்க, கொஞ்சம் கரித்தூளும்."

போட்டார்கள். அவள் சரிபார்த்தாள். பிறகு இறங்கி நின்றாள், முழங்கால் வரை மண் தள்ளினார்கள், எட்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

பதினாலு வருஷம் போனது. வருஷத்துக்கு ஒரு வட்டம் ஓலை, சித்திரை மழைக்கு அவிழும். பழைய ஓலை உதிர்ந்த தழும்பு தோளிலும் கழுத்திலும் வரிசை வரிசையாகக் கெட்டிப்பட்டது. வாட்சர்கள் சோறு கொடுத்தார்கள், பிறகு கஞ்சி போதும் என்றாள், பிறகு தண்ணீர் போதும் என்றாள். கயிறு போய்க் கம்பிவேலி வந்தது. பதிக்காரர்களுக்கு வருஷத்துக்கு ஒருநாள், பன்னிரண்டு பேருக்கு, அரைமணி நேரம் அனுமதி கிடைத்தது. வந்தார்கள், விழுந்து கும்பிட்டார்கள், ஓலையைப் பார்த்து நல்லது கெட்டது சொன்னார்கள்: "அக்கா, மூப்பன் மகனுக்குப் பொண்ணு பொறந்திருக்குது. அக்கா, கிழக்கால ஓடை வத்திருச்சு." முதல் சில வருஷம் நஞ்சி பதில் சொன்னாள். அவர்கள் அவளுடைய குரல் கேட்டதும் ஒரு நிமிஷம் மரியாதையாக நிறுத்திவிட்டு, அப்புறம் விட்ட இடத்திலிருந்து ஓலையிடம் தொடர்ந்தார்கள். அதனால் நிறுத்திக்கொண்டாள்.

நாலாவது வருஷம் பெள்ளனும் ராமியும் ஒன்றாக வந்தார்கள். ராமி புதுப்புடவை கட்டியிருந்தாள். இருவரும் சேர்ந்து விழுந்து, "அக்கா, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து இருந்துக்கலாம்னு இருக்கோம், நீ உத்தரவு கொடுக்கணும்" என்றார்கள். நஞ்சி, "இருந்துக்கங்க" என்றாள். இருவரும் காத்திருந்தார்கள். காற்றில் ஓர் ஓலை அசைந்தது. ராமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரின்னு சொல்லிருச்சு" என்றாள்.

பதினைந்தாவது வருஷம் பங்குனியில் ஓலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு கூம்பு எழுந்தது, முழ நீளம், செங்காவி நிறம், ஒரு மைலுக்கு வாசனை. வசுந்தரா மேடம் தலை நரைத்து, மூட்டுவலியோடு, மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து மலை ஏறி வந்தார். கூம்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு நஞ்சியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க மேடம்?"

"ஆண்" என்றார். "ஈந்துல ஆண் மரம் வேற, பெண் மரம் வேற. பூக்கற வரைக்கும் எதுன்னு சொல்லமுடியாது. இது ஆண், நஞ்சி. இது காய்க்காது. இந்த மலையில இதுக்குச் சோடி இல்லை."

மேடம் அழுததை நஞ்சி பார்த்தாள். தோள் மட்டும் கொஞ்சம் அசைந்திருந்தால் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்திருப்பாள்.

ஒற்றை ஆண் மரத்துக்கு வேலியும் வாட்சரும் வைப்பது வீண் என்று மேலிடம் எழுதிவிட்டது. எட்வின் எப்போதோ மாற்றலாகிப் போயிருந்தார். புது ரேஞ்சர் வந்து உத்தரவை வாசித்தார். அறுபது அடி ரத்து. வேலையும் ரத்து. கம்பியைச் சுருட்டினார்கள், கம்புகளைப் பிடுங்கினார்கள். "இனி நீங்க எங்க வேணும்னாலும் போகலாம்மா" என்றார் புது ரேஞ்சர், வாசித்து முடித்ததும், அவரும் மரியாதைக்காரர்தான்.

கீழே பதி இரண்டு நாள் பேசியது. ஆண் என்றால் அண்ணன் என்று கும்பிடலாமா என்று சிலர் கேட்டார்கள். மூப்பன், கண் மங்கிப்போனவன், "நமக்கு அக்காதான் உண்டு, அண்ணன் கிடையாது. இது வேற ஏதோ" என்றான். அந்த வருஷம் யாரும் மேலே வரவில்லை.

வைகாசியில் ராமி தனியாக வந்தாள், தோளில் கடப்பாரை, கையில் மண்வெட்டி. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். ஓலையைப் பார்க்கவில்லை. கீழே நஞ்சியின் முகம் இருந்த இடத்தைப் பார்த்துப் பேசினாள், பழக்கம் விட்டுப்போயிருந்ததால் தடுமாறிப் பேசினாள்.

"வீட்டுக்குப் போலாம். ஒரு ரூம் கட்டியிருக்குது. எம்மக பள்ளிக்கூடம் போயிட்டா பகல்ல யாரும் இருக்கமாட்டாங்க, நீ படுத்துக்கலாம்."

"பெள்ளன் என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலை. அவங்க எப்ப என்ன சொல்லியிருக்காங்க."

ராமி தோண்டினாள். மேல்மண் சுலபமாக வந்தது, கரித்தூள் கலந்த மண், இன்னும் பொலபொலவென்றிருந்தது. ஒரு முழம் போனதும் கையால் தள்ளினாள். முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் பட்டை இருந்தது. பட்டைக்குக் கீழே தூண் மாதிரி ஒன்று இறங்கிப்போனது, அதிலிருந்து பக்கவேர்கள் விரல் தடிமனில் பிரிந்து போயின. கடப்பாரை நுனி ஓரிடத்தில் பட்டுப் பிசின் கசிந்தது, தேன் நிறத்தில், மெதுவாக.

"வலிக்குதா?"

"எங்க பட்டுது?"

ராமி தொட்டுக் காட்டினாள். நஞ்சிக்குத் தெரியவில்லை.

"அது காலா, வேரா?" என்று கேட்டாள்.

"தெரியலை" என்றாள் ராமி. குழிக்குள் மண்டிபோட்டு இரண்டு கையாலும் அதைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தாள். "எனக்கு எதுன்னு தெரியலை. அறுத்தாத்தான் தெரியும்."

"நிறுத்து."

"கொஞ்சந்தான், ஒரு பக்கம் விட்டுட்டா—"

"நிறுத்து ராமி. இந்த வயசுல ஆணிவேர் அறுந்தா பொழைக்காது. நர்சரில மத்த கன்னு எத்தனை பாத்திருக்கேன்."

"எது பொழைக்காது? செடியா, நீயா?"

நஞ்சி யோசித்தாள். தன்னை ஒரு பாக்கெட் கன்று மாதிரி மேலிருந்து கீழ்வரை பார்க்க முயன்றாள், எந்த இடத்தில் கையை வைத்துப் பிரிப்பது என்று நிதானமாகத் தேடினாள். அவளுக்குத் தெரிந்த வேலை அது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, தோண்டிய குழியில் வேர்கள் காய ஆரம்பித்திருந்தன.

"மண்ணைத் தள்ளு" என்றாள். "சீக்கிரம். வேர்ல வெயில் படக் கூடாது."

ராமி குழியிலிருந்து ஏறி, அழாமல், மண்வெட்டியால் மண்ணைத் தள்ளினாள். முதலில் பொடிமண், அப்புறம் கட்டி, இடையில் கல் வந்தால் பொறுக்கி எறிந்தாள். சுரைக்குடுக்கையில் தனக்காகக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றினாள். பாதி ஊற்றியதும் நஞ்சி போதும் என்றாள். பிறகு ராமி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அக்காளைச் சுற்றிச் சுற்றி நடந்து, ஒரு இடம் விடாமல், குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்கினாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் நஞ்சி. "காத்துக்கு ஆடக் கூடாது."